ஒன்பதும் பொரித்தன

கோழிமுட்டைகள் என் பொறுப்புக்கு வந்த அந்த மார்ச் மாதத்தில் நான் ஐந்தாம் வகுப்பின் மானிட்டர். தில்லி புசா ரோட்டிலிருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில், கணக்குக்கும் அறிவியலுக்கும் என் நோட்டைத்தான் ஆசிரியர்கள் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துச் சென்று காட்டுவார்கள். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும் கடமை என்னுடையது. ஒருமுறை என் பெயரையும் நானே எழுதியிருக்கிறேன். நான் பொய் சொன்னதாக அதுவரை எவரும் புகார் கூறியதில்லை. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் அந்த மார்ச் மாதத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வேறொரு கதை வழங்கிவருகிறது.

கரோல்பாகை அடுத்த அரசுக் குடியிருப்பில், தரைத்தளத்தில் எங்கள் வீடு. அப்பா மத்திய அரசு அலுவலகமொன்றில் கிளார்க். அம்மா ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் நர்ஸ். பின்முற்றத்தில் அவள் நான்கு கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்தாள். தில்லிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் இந்த நாகர்கோவில்காரிக்குக் கடை முட்டையை நம்ப மனம் வரவில்லை என்று அப்பா சொல்வார்.

அந்த ஆண்டு அம்மாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. அவள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. அம்மா பெட்டி கட்டுவதை நிறுத்தினாள். பழைய பழக்கூடை ஒன்றில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து ஒன்பது முட்டைகளைத் தேர்ந்து வைத்தாள். இடி இடித்தால் முட்டை கலங்காமலிருக்க ஓர் இரும்பாணியையும் கரித்துண்டையும் ஓரமாகச் செருகினாள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் என்னவென்று நான் கேட்டேன்.

"ஆதாரம் கேக்கதுக்குக் கோழி உன் வாத்தியாரா? வெளக்க இந்தப் பக்கம் புடி" என்றாள்.

பாலம் விமான நிலையத்தில் அவள் புடவைத் தலைப்பை நான் விடவில்லை. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கு வயது பத்து. அம்மா குனிந்து என் காதோடு சொன்னாள்: "மக்கா, அந்த ஒம்பது முட்டையும் பொரிச்சதும் அம்மாவுக்கு எழுது. குஞ்சுகளப் பாக்க ஓடி வந்துருவேன், என்னா?"

நான் தலைப்பை விட்டேன். அவள் சொன்னதை நான் ஓர் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன். முட்டை பொரிய இருபத்தொரு நாள்; கடிதம் குவைத் போய்ச் சேரப் பத்து நாள்; அவள் வந்துசேர ஒரு நாள். வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எண்ணிப் பார்த்து, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு தேதியைப் பென்சிலால் வட்டமிட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். வேலை தேடி வந்து முனிர்காவில் அறை எடுத்திருந்த சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டுக்கு வருவார். இவ்வளவுதான் அன்றைய எங்கள் குடும்பம்.

கோழி உட்கார்ந்த பத்தாம் நாள் ஹோலி. காலையிலேயே குடியிருப்பு முழுவதும் கூச்சல். எங்கள் முற்றத்துச் சுவரைத் தாண்டி வந்த சாயத்தண்ணீர் பலூன் ஒன்று நேராகக் கோழியின் முதுகில் வெடித்தது. பாதி உடம்பு ரோஜா நிறமாகிப்போன கோழி, வீறிட்டுப் பறந்து தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அரே வா! முர்கி நே பி ஹோலி கேல் லீ!" என்று கைதட்டிச் சிரித்தார். கோழியும் ஹோலி விளையாடிவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் கோழி அந்தக் கூடையில் உட்கார மறுத்துவிட்டது. அத்தை அதைப் பிடித்து வந்து வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்தும் பார்த்தார். அது உள்ளே நின்றுகொண்டே இருந்தது.

"அடை கலைஞ்சு போச்சு மக்கா. இனி இது பூராவும் கூமுட்டதான். தூரப் போட்டுருவோம்."

"போடக்கூடாது."

"ஏம்ல?"

காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால், உன் அம்மா உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது அது என்று யாராவது சொல்லிவிடக்கூடும். அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

அம்மாவின் வார்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கையில் அடங்கிவிடும் குழந்தைகள் கிடந்தன. சூடு, ஈரம், சார்ட், இந்த மூன்றும் தவறாவிட்டால் இதுகள் பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் பிழைக்க வைத்த குழந்தைகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது. ஒன்பது முட்டைகள் அவ்வளவு பெரிய காரியமாக எனக்குப் படவில்லை.

அன்று மாலையே ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்றில் அப்பா நாற்பது வாட் பல்பைப் பொருத்திக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். முட்டைகளை வேளைதோறும் திருப்பி வைக்க வசதியாக, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். அம்மா விட்டுச்சென்ற காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பெட்டியின் உட்புறத்தில் நூலால் கட்டினேன். மறுநாள் காலை பாதரசம் சரியாக நூறில் நின்றது. வார்டில் கட்டில்களின் முனையில் தொங்குவதைப்போல ஒரு சார்ட்டைக் கோடு போட்டுத் தொங்கவிட்டு, காலை, மாலை, படுக்குமுன் என்று மூன்று வேளையும் பதிந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் நூறு. ஒரு டிகிரிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பா பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார்.

"டாக்டர் சாப், பேஷண்டெல்லாம் எப்படி இருக்காவ?"

"நார்மல்."

"டிஸ்சார்ஜ் எப்போ?"

"எட்டு நாளில்."

"அதுல ஒரு பேஷண்ட எனக்குத் தாரும். வெங்காயம் போட்டு நல்லாப் பாத்துக்கிடுதேன்."

"சும்மா கெடல. புள்ள நோட்டுப் போட்டு எழுதிட்டிருக்கான், கேலி பண்ணுதான் பாரு" என்று அத்தை சமையலறையிலிருந்து அதட்டினார்.

அந்த நாட்களில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் பள்ளியிலிருந்து ஓடிவந்து பெட்டியைத் திறந்தால் பாதரசம் நூறில் நிற்கும். கருவியே சொல்லும்போது, பகலில் கரண்ட் போனதா என்று அத்தையை எதற்காகக் கேட்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு, இருபதாம் நாள். சித்தப்பாவுக்கு உடம்பு காய்வதுபோலிருந்தது. பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை அவிழ்த்தவர், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டார். அப்போதும் கரண்ட் இல்லை, பெட்டி சில்லென்றிருந்தது. பாதரசம் நூறில் இருந்தது.

"ஏல, இத நீ உதறவே இல்லியா?"

"எதற்கு?"

"எதுக்கா? காய்ச்சல் தெர்மாமீட்டர் ஏறுனா ஏறுனதுதாம்ல. உதறுனாத்தான் எறங்கும். நர்சம்மா மவனுக்கு இது தெரியல!"

அம்மா அதை உதறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவள் அதை ஸ்பிரிட் பாட்டிலிலிருந்து எடுப்பாள். ஒட்டியிருக்கும் ஸ்பிரிட்டை உதறுகிறாள் என்று நினைத்திருந்தேன். சார்ட்டில் இருபத்தெட்டுக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. முதல் நாள் ஏறிய ஒரே நூறைத்தான் இருபத்தெட்டு முறை எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் அத்தையிடம் கேட்டேன். "தெனமும்தான் போவுது. பதினோரு மணிக்குப் போனா ரெண்டு மணிக்கு வரும். உங்கம்மைக்க கம்பளிச் சால்வைய எடுத்துப் பெட்டிமேல மூடித்தான் வச்சிருந்தேன்" என்றார். பெட்டியைக் கேலி செய்யாவிட்டாலும் அதை நம்பாதவர் அவர். இருந்தும் நான் பள்ளியிலிருந்த ஒவ்வொரு பகலும் மூடியிருக்கிறார்.

இருபத்துமூன்றாம் நாள் காலை ஓர் ஓட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மாலைக்குள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. ஈரம் காய்ந்ததும் ஒன்று கறுப்பு, இரண்டு பழுப்பு. மேலும் மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் அத்தை மற்ற ஆறையும் முறத்தில் எடுத்துக்கொண்டு முற்றத்தின் கோடிக்குப் போனார். நான் உடன் போகவில்லை. நாற்றம் மட்டும் வந்தது.

அந்த வாரம் அப்பா நீலநிற ஏர் லெட்டரில் தன் பங்கை எழுதி முடித்து, கடைசி மடிப்பை எனக்கு விட்டார். நான் இப்படி எழுதினேன்: 'அன்புள்ள அம்மாவுக்கு. நான் நலம். ஒன்பது முட்டைகளும் பொரித்தன. எல்லாக் குஞ்சுகளும் நலம். நீ எப்போது வருகிறாய்?'

தன் பங்குக்கு இரண்டு வரி எழுத வாங்கிய சித்தப்பா அதைப் படித்துவிட்டார். "ஒம்பதா? எண்ணத் தெரியாத மானிட்டரா இருக்கானே!" என்று உரக்கச் சிரித்தார். அத்தை வந்து பார்த்தார். அப்பா கடிதத்தை வாங்கி, நான் எழுதியதைப் படித்தார்.

"எழுதிட்டான். விடு" என்று சொல்லி, ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டினார்.

நான் வட்டமிட்ட தேதி வந்து போயிற்று. அதற்கும் இரண்டு வாரம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. 'ஒன்பது குஞ்சும் பொரித்தது கேட்டு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் மக்கா. ஒன்பதையும் பருந்து தூக்காமல் பத்திரமாகப் பார்த்துக்கொள். அத்தை சொல்வதைக் கேள். நன்றாகப் படி.' தாளைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புகளுக்குள்ளும் பார்த்தேன். வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதன்பின் நான் அவளுக்கு எழுதவில்லை. அப்பா விட்டுவைக்கும் கடைசி மடிப்பு ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே போனது. அம்மாவின் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு என்பதும், இடையில் வந்தால் வேலை போய்விடும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒன்பதும் பொரித்தது தெரிந்தும் அவள் வரவில்லை என்பது ஒன்றே எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே விமான நிலையத்தில் அம்மா கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். அவளை 'நீ' என்றே அழைத்துப் பழகியிருந்த நான், "வாங்க" என்றேன். அவள் விரித்த கைகளை இறக்கினாள். பிறகு, "வாறேன் மக்கா" என்றாள். கடைசிவரை நான் அவளை 'நீங்கள்' என்றே அழைத்தேன். மரியாதை தெரிந்த பிள்ளை என்று உறவினர்கள் பாராட்டினார்கள்.

அவள் காலமான பிறகு, அவளுடைய துணிப்பெட்டியை ஒழித்தபோது, ஒன்பது என்று நான் எழுதிய அந்த நீலக் கடிதம் கிடைத்தது. அதற்குள் இன்னொரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதே வாரத்தில், எழுத்துக்கூட்டி எழுதும் அத்தை, யாருக்கும் தெரியாமல் தனியாகப் போட்டது. 'மூணு குஞ்சுதான் பொரிச்சிருக்கு. பய ஒம்பதுன்னு எழுதியிருக்கான். ஒண்ணும் கேட்டுக்கிடாத.' ஆக, ஒன்பதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதியபோது, அவை மூன்று என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் எதற்காக அப்படி எழுதினேன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரியை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்க இப்போது ஆளில்லை.

சித்தப்பாவுக்கு எண்பது வயதாகிறது. கல்யாண வீடுகளில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார். தோற்றது வெளியே தெரியக்கூடாது என்று மூன்றை ஒன்பதாக்கிய பயல், சின்ன வயதிலேயே அவ்வளவு ஜம்பம் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. இப்போது எழுத்தில் மறுக்கிறேன். அது ஜம்பம் அல்ல. மூன்று என்று எழுதினால் அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன்.