சுப்ரஜா மிஸ் மேடமான கதை

சுப்ரஜாவுக்குப் பதவி உயர்வு வந்த அன்று சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. தில்லைநகர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பல வருஷமாகக் கணக்கு டீச்சர். காலைப் பிரேயரில் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் கரஸ்பாண்டென்ட் மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, இனிமேல் இவர்தான் கோஆர்டினேட்டர் என்று அறிவித்துவிட்டார். கைதட்டலுக்கு நடுவே, எவ்வளவு ஏற்றுவீர்கள் என்றா கேட்பது?

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்பாள். மத்தியானமே மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லி ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். நம் ஊரில் ஸ்வீட் கொடுத்தாகிவிட்டால் தட்டு மாற்றிக்கொண்ட மாதிரிதான். ஸ்ரீரங்கத்தில் அவள் கணவன் பராசரன் அதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டு, தாயார் சன்னதியில் சேவித்துவிட்டும் வந்திருந்தான்.

மறுநாள்தான் சேதி முழுசாகத் தெரிந்தது. சம்பளம் பழையதே, அடுத்த வருஷம் பார்க்கலாமாம். சாயங்காலம் ஆறு மணி வரை இருக்க வேண்டும். எந்த டீச்சர் சீக்கிரம் கிளம்பினாலும் பெர்மிஷன் சீட்டில் அவள் கையெழுத்து வேண்டும். கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொன்னார்கள். மற்றவர்கள் டியூஷன் எடுத்தால் நிர்வாகம் கண்டுகொள்ளாது. கோஆர்டினேட்டர் எடுத்தால் நன்றாக இருக்காதாம்.

அந்த டியூஷனில்தான் சுப்ரஜாவின் உயிரே இருந்தது. சாயங்காலம் வீட்டு ஹாலில் பாயை விரித்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் இஷ்டப்படி கணக்கு நடத்துவாள். இன்னொரு பேட்ச் சேர்ந்துவிட்டால் வருகிற ஜூனில் பள்ளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதையே முழுநேரமாக நடத்துவதாக இருந்தாள். எலிப்பொறியில் மாட்டுகிற எலிக்காவது ஒரு வடைத்துண்டு கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது ஒரு சால்வை.

பதவி வேண்டாம் என்று சொல்லப் போனாள். கரஸ்பாண்டென்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஸ்வீட்டெல்லாம் குடுத்துட்டு இப்ப வேண்டாங்கறீங்களே மேடம், ஸ்டாஃப் என்ன நினைப்பாங்க?”

அவள் வந்த வழியே திரும்பினாள். வீட்டில் சொன்னால் பராசரன் அதற்கு மேல். “எல்லாருக்கும் சொல்லியாச்சு சுப்ரஜா. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுண்டு இரு” என்றான். வேலையையே விடலாமென்றால், டியூஷன் இன்னும் வீட்டைத் தாங்குகிற அளவுக்கு வளரவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

பள்ளியில் மிஸ் என்று கூப்பிட்டவர்கள் மேடம் என்றார்கள், அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு நாள், இரண்டு வருஷம் முன்பு கணக்கு டீச்சராகச் சேர்ந்த வைஷ்ணவி பெர்மிஷன் சீட்டோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“இனிமே தினமும் நாலு மணிக்குப் போகணும் மேடம். ஸ்ரீரங்கத்துல டியூஷன் ஆரம்பிச்சிருக்கேன். உங்க பசங்கதான். அவங்க அம்மாங்களே வந்து கேட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

முடியாது என்று சொல்லிவிடத்தான் சுப்ரஜாவுக்கு நாக்கு துடித்தது. சொல்லவும் அவளுக்கு அதிகாரம் இருந்தது, இந்தப் பதவியில் இருந்த ஒரே அதிகாரம். ஆனால் பொதுத்தேர்வுக்கு அந்தப் பிள்ளைகள் யாரிடம் போவார்கள்?

“ட்ரிக்னாமெட்ரி பாதியில நிக்குது,” என்றாள். “முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடு.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வைஷ்ணவி ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சுப்ரஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அடுத்த சீட்டோடு இன்னொரு டீச்சர் உள்ளே வந்துவிட்டார்.