கீறிப் பார்க்காத கல்

எங்கள் தெருவில் அண்ணியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கல்லக்கா வீடு என்றால் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள். மெருகு போடாத கல்லை, மண்ணிலிருந்து வந்த உருவத்திலேயே வெள்ளியில் கட்டி, மோதிரமும் பதக்கமுமாகச் செய்து கொடுப்பவள். என் அண்ணன் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதால் உறவுக்கு அண்ணி, பேச்சுக்கு வா, போ.

முதன்முதலாக வருகிறவர்கள் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் முடியலையாங்க?" என்று கேட்பார்கள்.

"முடிஞ்சுது. உங்க கண்ணுதான் இன்னும் பழகல" என்பாள்.

வியாபாரம் செய்கிறவள் பேசுகிற பேச்சா இது? ஆனால் அந்த வாய்க்காகவே திரும்பி வந்தவர்களும் உண்டு. வேலையிலும் அதே பிடிவாதம்தான். கல்லுக்கு ஏற்றபடி வெள்ளியை வளைப்பாளே தவிர, வெள்ளிக்காகக் கல்லின் ஒரு முனையைக்கூட உரச மாட்டாள். சாணைக்கல்லை வீட்டுப் படி ஏற விட்டதில்லை.

கரடுமுரடாக இருக்கலாம், அழுக்காக இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். மூட்டையாக வாங்கும் கற்களில் துருக்கறை அப்பியிருக்கும். எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து அதில் ஊறப்போட்டால் கறை கழன்றுவிடும். ஊறப்போடுமுன் ஒவ்வொரு கல்லையும் இரும்பு ஊசியால் ஓரமாகக் கீறிப் பார்ப்பாள். கோடு விழாவிட்டால் படிகம், பயமில்லை. விழுந்தால் அது சுண்ணாம்பு வகை. புளிப்புப் பட்டால் கரைந்து போகும். நான் பொழுது போகாமல் உட்கார்ந்து கல் பொறுக்கிக் கொடுக்கும்போதெல்லாம், "கீறினியா, கீறினியா" என்று உயிரை எடுப்பாள்.

அண்ணன் லாரி ஓட்டினவர். கல்யாணமான புதிதில் ஜல்லி ஏற்றப்போன இடத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்து, சட்டைப் பையில் போட்டு மனைவிக்குக் கொண்டுவந்தார். ஊரில் மற்ற ஆண்கள் வளையல் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டு ரசனை இது. உள்ளங்கையில் அடங்கும் கல். மேலெல்லாம் செம்பழுப்புக் கறை. ஒரு பக்கம் மட்டும் கற்கண்டு மாதிரி கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணிக்குக் கல் பைத்தியமே பிடித்தது. யார் யாருக்கோ எதையெதையோ கட்டிக் கொடுத்தாள். அந்தக் கல்லை மட்டும் கட்டவில்லை.

"அதுக்குன்னு ஒரு நல்ல வேலைப்பாடு தோணட்டும்" என்பாள்.

அதெல்லாம் சும்மா. அந்தக் கறை பிடித்த கல் நாலு பேர் கண்ணுக்கு அழகாகப் படாது என்று அவளுக்குள் ஒரு கூச்சம். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது அது. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுப் போவார். ஏன் கட்டவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் சுபாவம் அப்படி. எனக்குத்தான் அண்ணிமேல் கோபம் கோபமாக வரும்.

பிறகு அண்ணனுக்குக் கண் நரம்பு கெட்டது. லாரியை விட்டார். முதலில் ஓரங்கள் இருண்டன, அப்புறம் நடுவும் மங்கியது. போன பார்வையை மீட்க முடியாது, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்:

"எல்லாருக்கும் கட்டித் தர்றே. என் கல்லையும் ஒரு சங்கிலில கட்டிக் குடேன். பார்வை இருக்கும்போதே பாத்துடறேன்."

அண்ணி தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் கல்லை ஜன்னலிலிருந்து எடுத்தாள். அப்படியே கட்டியிருக்கலாம். ஊருக்கெல்லாம் உள்ளது உள்ளபடி என்று வாய் கிழியப் பேசுகிறவள், புருஷன் கல் என்றதும் அது பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள். கறை போனால் உள்ளே வெளிச்சம் பாயும், மங்கின கண்ணுக்கும் தெரியும் என்று கணக்குப் போட்டாள். எலுமிச்சை உப்பைக் கரைத்தாள். ஊசியைக் கல்லின் பக்கம் கொண்டுபோனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"கீறலையா?" என்றேன்.

"அவர் ஆசையா குடுத்த கல்லுடி. அதுல போயி கோடு போடச் சொல்றியா?"

அதற்குமேல் அவளிடம் யார் மல்லுக்கு நிற்பது? கல்லைக் கிண்ணத்தில் போட்ட கையோடு வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. அண்ணனை அழைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே கூட்டமான கூட்டம். திரும்பி வரச் சாயங்காலமாகிவிட்டது. கிண்ணத்தின் விளிம்பில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணி உள்ளே கைவிட்டு எடுத்தாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கறையும் இல்லை, கட்டமும் இல்லை, முனையும் இல்லை. வழவழவென்று இருந்தது. வாழ்நாளில் ஒரு கல்லுக்கும் மெருகு போடாதவள், அந்த ஒன்றுக்குப் போட்டுவிட்டாள்.

"இத்தனை வருஷம் பேசாம கிடந்துச்சே, நான் தொட்டிருக்கவே கூடாது" என்று அழுதாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கே தொட்டிருக்கணும்" என்று மறுபடியும் அழுதாள். இரண்டுமே உண்மைதான்.

மிஞ்சிய துண்டையே கட்டினாள். கல் கொஞ்சமும் மறையாமல் நான்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளால் பிடித்து, சங்கிலியில் கோத்தாள். அவள் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. "கைல குடுத்துட்டு நடந்ததைச் சொல்லிடறேன். நீயும் கூட இரு" என்று என்னை வரச் சொன்னாள்.

அண்ணன் ஜன்னலோரம் வெயில் படும்படி உட்கார்ந்திருந்தார். அண்ணி சங்கிலியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கட்டைவிரலால் கல்லைத் தடவினார். நிறுத்தி, இன்னொரு தடவை தடவினார். முகத்துக்கு நேராக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நீ எப்போலேர்ந்து பாலிஷ் போட ஆரம்பிச்சே? யாருது இது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆர்டர்ங்க" என்றாள்.

அண்ணன் அவள் கையைத் தேடிப் பிடித்து, சங்கிலி சிக்காமல் பத்திரமாக அதில் வைத்தார்.

"இதை அனுப்பிட்டு என்னுதை எடு. காலை வேளையில இன்னும் கொஞ்சம் தெரியுது."