இடுப்புச் சூட்டில் வைத்த தண்ணீர்

முதல் காய்ச்சலை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மழையில் நனைந்து சாமைக் கொல்லையில் களை எடுத்த அலுப்பு என்று நினைத்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசிக்குள் நூல் கோக்க முடியவில்லை. பொழுது சாயச் சாய உடம்பு கொதிக்கும். விடிந்தால் கொஞ்சம் தணியும். நாக்கில் மாவு பூசினாற்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

மலையிறங்கித் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, இதமான சூட்டில் வைத்தார்கள் (கல்ச்சர் என்பார்கள், கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்). வளர்ந்தது. டைபாய்டு (அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் குடலுக்குள் போய் இரத்தத்தில் பரவும் காய்ச்சல்). ஊசி, மாத்திரை, கஞ்சி என்று கிடந்து எழுந்து வீடு வந்தேன். தைக்க வாங்கி வைத்த ஜாக்கெட் துணிகளை முடிப்பதற்குள் மறுபடியும் படுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. “என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?” என்றார்.

“சுனைத் தண்ணிங்க.”

“காய்ச்சியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “கீழ இருந்து கார்ல வந்து கேன்ல புடிச்சிட்டுப் போற தண்ணிங்க அது. அதைப் போயி காய்ச்சுவாங்களா?”

“புடிச்சிட்டுப் போனவங்க எந்த ஆஸ்பத்திரில படுத்திருக்காங்களோ” என்றார் அவர், சிரிக்காமல். பிறகு மெதுவாகச் சொன்னார். “பழைய கிருமியே திரும்புச்சோ, புதுசா ஏறுச்சோ, சொல்ல முடியாது. ஆனா இன்னொரு தடவ வந்தா குடல்ல ஓட்டை விழலாம். உயிருக்கே ஆபத்து. காய்ச்சிக் குடிங்க. தண்ணிய சோதிச்சும் பாத்துடுங்க.”

செத்துப்போவேனோ என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன்.

சுனைத் தண்ணீர் எங்களுக்கு வெறும் தண்ணீர் இல்லை. தெருக்குழாயில் வருவது உப்பு கரிக்கும். காய்ச்சல் கண்ட நாக்குக்கு அது இறங்கவே இறங்காது. அதனால் என் வீட்டுக்காரர் பெருமாள் தினமும் மேட்டுக்கு ஏறி, சுனையில் மொண்டு, குடத்தைத் தோளில் வைத்து ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவருவார். சோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“இன்னா சொல்ற? நான் கொண்ணாந்த தண்ணியா உன்னப் படுக்கப் போட்டுச்சு?”

எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் தங்கச்சியிடம் தண்ணீர்ச் சோதனை பாட்டில் இரண்டு வாங்கிவந்தேன் (உள்ளே மருந்து இருக்கும், கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும்). ஒன்றில் அவர் சுனையிலேயே பிடித்துவந்தார். இன்னொன்றில் நான் வீட்டுக் குடத்திலிருந்து, காய்ச்சுவதற்கு முன், ஊற்றினேன். இரண்டையும் ஜன்னலில் வைத்தோம். ஒரு நாள் கடந்தும் இரண்டும் அப்படியே இருந்தன. மனுசன் மீசையைத் தடவிக்கொண்டு ஊரெல்லாம் சொல்லப் போய்விட்டார்.

நானும் சந்தோஷமாக போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அக்கா, ஜன்னல்லயா வெச்சீங்க? மார்கழிக் குளுருல கிருமி எப்படிக்கா வளரும்? சூடா இருக்கணும்க்கா!”

என் இரத்தத்தை இதமான சூட்டில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரிய புத்திசாலி நான்!

புதிதாக இரண்டு பாட்டில் வாங்கினோம். அடுப்போரம் வைத்தால் சூடு அதிகம், போர்வைக்குள் வைத்தால் போதாது. கடைசியில் பெருமாளே அவற்றைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அதோடுதான் மாட்டுக்குத் தீனி வைத்தார், தூங்கினார். “பாத்து நடங்க, மாசமா இருக்கீங்க” என்று நான் கிண்டல் செய்தேன். நோயில் விழுந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவிழ்த்துப் பார்த்தபோது சுனை பாட்டில் தெளிவாக இருந்தது. குடத்து பாட்டில் கரியாகக் கறுத்திருந்தது.

அவர் இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். குடத்தை நான் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுபவள். அப்படியானால் வழியில்தான் ஏதோ நடக்கிறது. “நாளைக்கு நானும் வர்றேன்” என்றேன்.

நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஆனாலும் நடந்தேன். சுனையில் அவர் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு மொண்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும்போது ஓடைத் திருப்பம் வந்தது. காலையில் பாதி ஊர் ஒதுங்குகிற இடம் அது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். அதே இடத்தில் இவர் நின்று, தாழ்வாக வளர்ந்திருந்த புதரில் ஒரு கொத்துத் தழை ஒடித்துக் குடத்துக்குள் போட்டார்.

“யோவ்! இன்னாய்யா பண்ற?”

“தழ போட்டாத்தான தளும்பாது? நீயும்தான் போடுவ.”

“இங்கயா ஒடிப்ப?”

“இங்கதான் தழ நல்லா அகலமா இருக்குது” என்றார், பாவம்.

அது ஏன் அங்கே அகலமாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வீட்டு வாசலில் அந்தத் தழையை எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு உள்ளே வருவாராம். படுக்கையில் கிடந்த எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நீ குடிக்கிற தண்ணி ஒரு சொட்டும் சிந்தக் கூடாதுன்னுதான்” என்றார்.

என்னைப் போலப் படுத்து எழுந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தழையால்தான் எனக்கு டைபாய்டு வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். தண்ணீரில் அசுத்தம் இருக்கிறது என்பது மட்டும்தான் பாட்டிலுக்குத் தெரியும். கறுக்காவிட்டாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஊற்றெடுக்கும் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நீங்கள் மொண்டு குடிக்கும் குடத்திலும் பாருங்கள்.

கடைசி பாட்டிலை நானே இடுப்பில் கட்டிக்கொண்டேன். தழை போடாமல், வெள்ளைத் துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்த குடத்துத் தண்ணீர் அது. என் உடம்புச் சூட்டைக் கண்டு எத்தனை நாள் பயந்திருக்கிறேன்! பொழுது சாய்ந்தாலே நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இந்த முறை பொழுது சாய்ந்ததும் தெரியாமல் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றோரம் பாட்டில் இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல் இல்லாத என் சாதாரணச் சூடு. அவிழ்த்தபோது தண்ணீர் கறுக்கவில்லை.

துணி கட்டினாலும் தண்ணீர் தளும்பத்தான் செய்கிறது. இன்று காலையும் பெருமாள் தோள், முதுகு எல்லாம் நனைந்து, குளிரில் பல் தந்தியடிக்க வந்து நின்றார். குடத்தில் முக்கால்தான் மிச்சம்.

“பாதி என் மேலயே ஊத்திக்கிச்சு” என்றார்.

“ஊத்தட்டும்” என்று சொல்லித் துண்டை நீட்டிவிட்டு, மிச்சத்தை அடுப்பில் ஏற்றினேன்.