ஜெட் விமானத்தின் இடது இறக்கை

யுத்தம் முடிந்து விமானப் படையிலிருந்து தேனிக்குத் திரும்பியபோது, என் கணவரின் வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்துப் போயிருந்தன. படையில் அவர் மெக்கானிக்காக இருந்தார். இஞ்சினில் சிக்கிய கை அது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை. நுணுக்கமான வேலை செய்தால் சரியாகும் என்று சொல்லி, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஜெட் விமானப் பொம்மை செய்கிற பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே அரைகுறையாக வெட்டிய மரத்துண்டுகள், ஒரு வரைபடம், ஒரு பசைக் குழாய்.

என் மாமியார் அன்றைக்கே வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். "எம்மவன் கையால இதச் செஞ்சு முடிச்சுட்டான்னா, ஒனக்கு வெள்ளியில கை செஞ்சு போடுறேன் தாயி." நோவு தீர்ந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவர் தினமும் உட்கார்ந்து உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "முன்னால காத்தாடிய வைக்க மறந்துட்டீகளா?" இதற்குக் காத்தாடி கிடையாது, பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் என்பார். ஒருத்தரும் நம்பவில்லை. எனக்கும் சந்தேகம்தான்.

ஒருநாள் காலை முழுக்க மல்லுக்கட்டி, இடது இறக்கையை அவரே ஒட்டினார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். நான் வந்து பார்த்தேன். இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் அழித்துவிட்டு மறுபடி போடுகிறவள் நான். போடியில் இலவம்பஞ்சு வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்து, விதை பொறுக்கியே பழகிய விரல்கள் சும்மா இருக்குமா? பசை காய்வதற்குள் பிய்த்து, வரைபடத்தைப் பார்த்து, நேராக ஒட்டி, டம்ளரை முட்டுக்கொடுத்து வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

திரும்பி வந்தவர் இறக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வாலை என் பக்கம் தள்ளினார். "இந்தா, நீயே ஒட்டிரு. ஒனக்குத்தான் வருது."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சக்கரம், வெள்ளிப் பெயிண்ட், இறக்கையில் ஒட்டும் வட்டச் சின்னம் என்று எல்லாமே என் கைவேலையாகப் போயிற்று. அவர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அடுப்படியிலும் தோட்டத்திலுமாக இருந்த மாமியாரிடம் நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை.

முடிந்த விமானத்தைப் பார்த்து மாமியார் அழுதேவிட்டார். ஆசாரியிடம் சொல்லி வெள்ளிக் கை செய்து வாங்கி, சித்திரைத் திருவிழாவுக்கு எங்களை வீரபாண்டிக்கு அழைத்துப் போனார். உண்டியல் முன்னால் அதை மகன் கையில் கொடுத்தார்.

"போடுய்யா."

அவர் போடவில்லை. கூட்டம் முதுகில் இடித்தது.

"இதப் போடக் கூடாதும்மா. செஞ்சது நானில்ல, இவதான்."

"ஒண்ணுகூடவா நீ ஒட்டல?"

"ஒரு றெக்கை ஒட்டுனேன். கோணலாப் போச்சு."

அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை அவருக்கு. நான்தான் வாயைத் திறந்தேன். "நான்தான் அத்தே அதப் பிச்சு நேரா ஒட்டுனேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். மாமியார் வெள்ளிக் கையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கோணலா இருந்தா என்னத்தா? நேரா இருக்கணும்னா நான் அம்மன்கிட்ட கேட்டேன்?"