ஊறப்போட்ட பாத்திரங்கள்

அவனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளில் பாலக்காட்டுக் கல்லூரியில் படித்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்தவன். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் வளர்ந்தவன். கழற்றிய சட்டை கழற்றிய இடத்திலேயே கிடக்கும். நாளெல்லாம் டீ போட்டுக் குடிப்பான். வடிகட்டிய சக்கையை ஜன்னல் திட்டில் குவிப்பான். அங்கிருந்து புறப்படும் எறும்பு வரிசை என் பாய் வழியாகத்தான் போகும்.

"ஏனப்பா, இது ஊடா, மாட்டுக் கொட்டாயா?" என்று கத்துவேன்.

"எதுக்குல சும்மா கத்துத? சாயங்காலம் பெருக்கிருவோம்" என்பான். எந்தச் சாயங்காலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கு மேல் சண்டையை வளர்க்க எனக்குப் பயம். அது கோயில் தெருவில் ஒரு மாமியின் வீட்டுப் பின்கட்டு. கிணறு பொது. கிணற்றை அசுத்தம் செய்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் மாமி சாவியைத் தந்தார். கிழக்கே எங்கள் ஊரில் அப்பாவோ, "ரூம்ல ஏதாச்சும் வம்புன்னா பொட்டியக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்துரு. கடலைக்காட்டுக்கு ஆள் பத்தல" என்று காத்திருந்தார். அறை போனால் படிப்பும் போகும்.

பங்குனி வெயிலில் கிணறு வற்றிக்கொண்டு வந்த சமயம். காலையில் பூஜைக்குத் தண்ணீர் எடுக்கப் போன மாமி கிணற்றடியிலிருந்தே அலறினார்.

"என்னடா இது, கெணத்துல சாதம் மெதக்கறது!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கயிற்றின் முனையில், தண்ணீருக்குள் எங்கள் வாளி. அதற்குள் எச்சில் தட்டுகளும் கஞ்சி ஒட்டிய சட்டியும்.

"ஊறட்டும்னு போட்டேன். எங்க லயத்துக்குப் பின்னால ஓடையில போட்டா தானா கழுவிரும்" என்றான் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே. மலையில் பிறந்தவனுக்கு எல்லாத் தண்ணீரும் ஓடும் தண்ணீர். அறைந்திருப்பேன், மாமி நின்றிருந்தார்.

மாமியிடம் கெஞ்சினேன். காலில் விழாத குறைதான்.

"சாயந்தரத்துக்குள்ள கெணத்த முழுக்க எறச்சுக் கொட்டணும். இல்லைனா சாமானை எடுத்துண்டு எறங்கிக்கணும்" என்றார்.

இறைத்தோம். இறைத்தேன் என்பதே சரி. உள்ளங்கை சிவந்துவிட்டது என்று அவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். அடியில் கிடந்த சேற்றை அள்ளவும் நான்தான் இறங்கினேன். காலில் ஏதோ தட்டியது. என் டம்ளர். பிறகு என் கரண்டி, அம்மா கொடுத்தனுப்பிய போசி, அதன் மூடி. காணோமே என்று நான் கேட்கும்போதெல்லாம், "நீதாம்ல எங்கயாவது வச்சிருப்ப" என்று அவன் சொன்ன அத்தனை சாமானும் வாளியிலிருந்து நழுவி அங்கே கிடந்தன. சேற்றில் நின்றபடியே, வாயில் வந்ததையெல்லாம் மேலே பார்த்துத் திட்டித் தீர்த்தேன்.

ஊற்று தெளிந்ததும் மாமி தீர்ப்புச் சொன்னார்: "இருந்துக்கோங்கோ. ஆனா அந்தப் பிள்ளை இனிமே கெணத்தண்டை வரப்படாது. அவனுக்கும் சேத்து நீதான் எறச்சுக் குடுக்கணும்."

அறை தப்பியது. மறுநாள் காலை, பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு, அவன் குளிக்க வாளி வாளியாக இறைத்து அண்டாவை நிரப்பினேன். துண்டோடு வந்தவன் அண்டாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"எங்க ஊர்ல வெந்நீர்லதாம்ல குளிப்போம். லேசா சுடவச்சுத் தந்தா என்ன?"