கம்மிங் வீதிக் கடைக்காரர்

சுவிஸின் ஓல்டன் நிலையத்தில் பேர்ண் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். மடியில், இன்று மாலை தமிழ் வாசகர் கூட்டத்தில் படிக்கப்போகும் கட்டுரை. பிஜித் தீவின் சுவா நகரில் உள்ள கம்மிங் வீதியின் வரலாறு. காய்கறிச் சந்தையாக இருந்து, தீயில் எரிந்து, பிறகு துணிக்கடைகளாக எழுந்த தெரு அது. போன வருடம் அங்கே இரண்டு நாள் நின்றேன்.

பக்கத்தில் முதியோர் இல்லச் சீருடையுடன் இருக்கும் பெண், என் தாளில் நான் அங்கே எடுத்த கடைக்காரர் ஒருவரின் படத்தைக் கண்டதும் எழுந்தேவிடுகிறார்.

"அண்ணை, இது எங்கட அப்பா! எங்கட கடை!"

பிஜியில் பிறந்து, யாழ்ப்பாணத்தவரைக் கட்டி இங்கே வந்தவராம். அவருடைய பூட்டன் அந்தச் சந்தையில் கத்தரிக்காய் விற்றாராம்.

"அப்பாவோட கதைச்சனீங்களோ?"

"தமிழில கேட்டனான். அவர் பதில் சொல்லேல்லை."

"அவருக்குக் காது கேக்காது. எழுதிக் காட்டினா அந்தத் தெருவின்ர கதை முழுக்கச் சொல்லுவார். தமிழ் நல்லா வாசிப்பார்." கைபேசியை எடுக்கிறார். "இதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பட்டோ?"

தாளைக் கவிழ்க்கிறேன். அந்தக் கடைக்காரரைக் காட்டித்தான், அங்கே தமிழ் செத்துவிட்டது என்று கட்டுரையை முடித்திருக்கிறேன். கைதட்டலுக்காகவே எழுதிய வரி.

"வேண்டாம் தங்கச்சி. பிழையா எழுதிப்போட்டன்."

"என்ன பிழை?"

மறைக்க மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவரிடம் கொடுக்கிறேன். அவர் விரல் வைத்து மெல்ல வாசிக்கிறார். பேர்ண் ரயில் வருகிறது. கதவுகள் திறந்து மூடுகின்றன. நான் எழவில்லை.