உதயகலாவின் பச்சைப் பொத்தான்

எங்கள் உரும்பிராய் உதயகலாவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. தகப்பன் விட்டுப்போன மா மில்லைச் சின்ன வயதிலிருந்தே தனியாக நடத்துகிறாள். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படியாகிவிட்டது. கோயிலில் அவள் முருகனிடம் இரகசியமாக வேண்டுவதெல்லாம் வெளிவீதிவரை கேட்கும். நாற்பது வயதாகியும் தனக்கொரு கலியாணம் வேண்டும் என்று அவள் வேண்டி நான் கேட்டதில்லை.

கோப்பாய் மயூரதன் நேர்மாறு. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், மனைவியை இழந்து பல வருடம். அவன் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் சொல்வது விளங்கும். கிழமைக்குக் கிழமை அரிசியை ஊறவைத்துக் கொண்டுவந்து அரைப்பித்துக்கொண்டு போவான். ஒற்றை ஆள் இவ்வளவு புட்டையும் அவித்து யாருக்குக் கொடுக்கிறான் என்று வரிசையில் நிற்கிற நாங்கள் சிரிப்போம். அவன் மாவுக்கு வரவில்லை என்பது எங்கள் ஒழுங்கைத் தெருநாய்க்கும் தெரியும். தன்னைக் கட்டச் சம்மதமா என்று அவளிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மில் நிற்க வேண்டுமே! மில் நின்றால் அவள் வீட்டுக்குப் போய் வாசல் படலையையும் பூட்டிவிடுவாள். அதைத் தட்ட இந்த மனுசனுக்குத் துணிவில்லை.

மின்வெட்டு வந்த வருடம் அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்தேன். கறண்ட் போனால் மில் ஓய்ந்துவிடும். அவன் தொண்டையைச் செருமி, மழையில் தொடங்கி, வெங்காயப் பயிரைச் சுற்றி, விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்துக் கறண்ட் வரும். மில் தானாகவே ‘ஓ’வென்று தொடங்கிவிடும். கறண்ட் போனாலும் உதயகலா சுவிச்சை நிறுத்துவதேயில்லை. கறண்ட் வந்த செய்தியை ஒழுங்கைக்குச் சொல்வதே அந்த மில்தான். சத்தம் கேட்டதும் ஒருத்தி தண்ணீர் மோட்டருக்கு ஓடுவாள், இன்னொருத்தி கிரைண்டருக்கு ஓடுவாள். நானும் ஓடுவேன், பொய் ஏன் சொல்ல? அவன் பாதி வசனத்தோடு மாப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். அட, கேட்டுத் தொலையேன்டா.

ஒருநாள் கறண்ட் போனபோது மில்லுக்குள் மா அடைத்துவிட்டது. உதயகலா உள்ளே கையை விட்டுச் சுரண்டினாள். அவள் கையை எடுத்ததும் கறண்ட் வந்து மில் பாய்ந்ததும் ஒன்றாக நடந்தது. அவள் தோளில் கிடந்த துவாயைச் சுழலும் மோட்டர்ப் பட்டி பிடுங்கிக் கூரை முகட்டுக்கு எறிந்தது. மா பறந்து எல்லோரும் வெள்ளைப் பேய்களாக நின்றோம். அதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மயூரதன் மட்டும் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரம் கத்தினான்.

“உங்கடை கை போயிருந்தால் நான் என்ன செய்வன்?”

இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் அரிசி இல்லாமல் வந்தான். பச்சை, சிவப்புப் பொத்தான்கள் வைத்த பெட்டியொன்றைச் சுவரில் பூட்டினான். கறண்ட் போனால் உள்ளே இணைப்பு விட்டுவிடும், திரும்பி வந்தாலும் பச்சையை அமத்தாமல் மோட்டர் அசையாது என்று விளக்கினான். அப்படியென்றால் கறண்ட் வந்தது ஒழுங்கைக்கு எப்படித் தெரியும் என்று அவள் சண்டைக்குப் போனாள். அவன் அதற்கென்று வாசலில் ஒரு பல்ப்பை மாட்டிவிட்டான்.

அன்று பின்னேரமே கறண்ட் போனது. மழை முடிந்தது, வெங்காயம் முடிந்தது. அவன் விஷயத்துக்கு வாயைத் திறக்கவும் பல்ப் எரிந்தது. போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரைச்சல் வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் விரல் பச்சைப் பொத்தானுக்குக் கிட்ட நிற்கிறது. என் பின்னால் நின்ற நல்லம்மா, வறுத்த மிளகாய் காற்றுப் பட்டு இளகப்போகிறது, கெதியாய் அமத்து பிள்ளை என்று கரைச்சல் கொடுத்தாள்.

உதயகலா கையைக் கீழே விட்டாள். “பொறுங்கோ மாமி, இவர் கதைச்சு முடிக்கட்டும்,” என்றாள். அவளுக்கு அப்படியொரு மெல்லிய குரல் இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அவன் கேட்டே விட்டான். அவள் சொன்ன ‘ஓம்’ கோயில் வெளிவீதிவரை கேட்டிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் பச்சையை அமத்தினாள். அமத்திவிட்டு, அவனைப் பார்த்தபடியே, என் அரிசியை நல்லம்மாவின் மிளகாயோடு சேர்த்து மில்லுக்குள் கொட்டினாள்.